நகராத புள்ளி

கைப்பேசித் திரையில் மனைவியைக் காட்டும் நீலப் புள்ளி மூன்றாவது கிலோமீட்டரிலேயே நின்று பதினைந்து நிமிடமாகிவிட்டது. ஐந்து கிலோமீட்டர் பந்தயத்தின் முடிவுக்கோட்டில் காத்திருந்த கணவர் மறுபடி மறுபடி அவளை அழைத்துப் பார்த்தார்.

"மொதல் ரேஸ் சார், மெதுவாத்தான் வருவாங்க," என்றார் பக்கத்தில் நின்ற மனைவியின் ஓட்டப் பயிற்சியாளர்.

"மெதுவா வந்தாலும் புள்ளி நகரணுமே! ஃபோனையும் எடுக்கல. மயங்கி விழுந்திருந்தா?"

அதற்குமேல் அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. குறுக்குத் தெருவில் ஓட்டம் பிடித்தார். செருப்பு வார் அறுந்தது, உதறிவிட்டு ஓடினார்.

மூன்றாவது கிலோமீட்டரில் தண்ணீர் மேஜை. அதன்மேல் மனைவியின் ஃபோன் அலறிக்கொண்டிருந்தது.

"பாக்கெட்ல குதிக்குதுன்னு அக்கா குடுத்துட்டு ஓடினாங்க," என்றாள் தண்ணீர் கொடுக்கும் பெண்.

எடுத்தார். பயிற்சியாளரின் ஃபோனிலிருந்து மனைவி!

"நீங்களா? ஃபோனைப் பத்திரமா வெச்சிருக்கச் சொல்லலாம்னு அடிச்சேன். நான் ஓடி முடிச்சிட்டேன், கைதட்ட ஆளைக் காணோம்! அங்க எப்படிப் போனீங்க?"

"ஓடித்தான்."

"அவ்வளவு தூரமா? நிக்காமயா?"

"நிக்கத் தோணலை."

"முழங்கால் வலி, ரெண்டு நிமிஷம்கூட ஓட முடியாதுன்னு ரெண்டாம் நாளே பயிற்சிக்கு முழுக்குப் போட்டீங்களே! இருங்க... அடுத்த ரேஸுக்கு கோச் உங்க பேரை எழுதிட்டார்."

அந்த நொடியே அவருக்கு முழங்கால் வலிக்கத் தொடங்கியது.