மேஜர் மீரானுக்கு எப்போது நின்றது

“மேஜர் மீரான், வாங்க!” என்று ஆர்டர்லி மலைச்சாமி கூப்பிட்டதும் கணவனும் மனைவியும் சேர்ந்தே எழுந்தார்கள்.

மலைச்சாமி கணவரின் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

“அம்மா, நீங்க இங்கனயே வீட்டாளுங்க சேர்ல உக்காருங்க. சார் செத்த நேரத்துல வந்துருவாரு.”

மேஜர் அந்த அம்மாதான். நர்கீஸ் மீரான். ராணுவ ஆஸ்பத்திரிகளில் நர்சிங் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர்.

மலைச்சாமியிடம் மாட்டிக்கொண்ட மீரானுக்கு பேகம்பூரில் தோல் மண்டி. மனைவியை ரயிலேற்றிவிட்டதும், லீவில் வரும்போது போய் அழைத்து வந்ததும்தான் ராணுவத்தோடு அவருக்கிருந்த தொடர்பு.

மீரான் மனைவியைப் பார்த்தார்.

மனைவி மின்விசிறியைப் பார்த்தார்.

மீரான் போனார்.

மேல்முறையீட்டு முகாமைத் திண்டுக்கல்லில் ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்திருந்தார்கள். மூன்று டாக்டர்கள் கொண்ட மருத்துவ வாரியம் மணமேடையில் உட்கார்ந்திருந்தது. முந்தின நாள் ரிசப்ஷனுக்குக் கட்டிய நிலக்கோட்டை மல்லிகைச் சரம், தலைவர் கர்னல் இருதயநாதனின் காதை உரசிக்கொண்டிருந்தது. மைக்கை யாரும் அணைக்கவில்லை.

மனுவில் கேட்டிருந்தது இதுதான். பனிமலை முகாம் ஆஸ்பத்திரியில் வருஷக்கணக்கில் வேலை பார்த்ததில் முப்பத்தெட்டு வயதிலேயே மாதவிடாய் நின்றுபோனது. அதனால் எலும்பு தேய்ந்துபோனது. இது பணியால் வந்த பாதிப்பு என்று ஒப்புக்கொண்டு ஊனமுற்றோர் ஓய்வூதியம் தர வேண்டும்.

முன்பு இரண்டு முறை நர்கீஸே நேரில் போய்ச் சொல்லியிருந்தார். ‘பெண்களுக்கு இயற்கையாக வருவது, பணிக்குச் சம்பந்தமில்லை’ என்று இரண்டு முறையும் எழுதித் திருப்பிவிட்டார்கள். இன்றைக்கும் இல்லையென்றால் கோப்பை மூடிவிடுவார்கள்.

கர்னல் மனுவைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் படித்தார். மீரானின் தாடியைச் சற்று நேரம் பார்த்தார்.

“மேஜர், உங்களுக்கு எப்ப நின்னுச்சு?”

மைக் வழியாக மண்டபம் முழுக்கக் கேட்டது.

“முப்பத்தெட்டு வயசுல சார்.”

“அதுக்கு முன்னால?”

“நாள் தப்பாது சார். மலைக்குப் போனப்புறந்தான் எல்லாம் கோளாறு.”

இளைய டாக்டர் எழுதிக்கொண்டார்.

இப்போது என்ன செய்கிறது என்று கேட்டார்கள். மீரான் யோசிக்கவே இல்லை. மார்கழி மாதத்திலும் உடம்பு திடீரென்று கொதிப்பதைச் சொன்னார். போர்வையை உதைத்துத் தள்ளுவதையும், அடுத்த நிமிஷமே குளிர்கிறது என்று அதையே தேடுவதையும் சொன்னார். பிரிட்ஜைத் திறந்து வைத்து முன்னால் நாற்காலி போட்டு உட்கார்வதைச் சொன்னார். போன பெருநாளுக்குப் பிரியாணிச் சட்டியை இறக்கும்போது மணிக்கட்டு முறிந்ததைச் சொன்னார்.

பிறகு, யாரும் கேட்காமலேயே, சும்மா இருக்கும்போது அழுகை வருவதைச் சொன்னார். ஏன் என்று கேட்டால் எரிச்சல் வரும், கேட்காமல் விட்டால் அதைவிடக் கூடுதலாக வரும் என்றார்.

அந்த இடத்தில் நர்கீஸ் மின்விசிறியிலிருந்து கண்ணை எடுத்தார்.

மீரான் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“பாருங்க சார், அழுறாரு” என்று இளைய டாக்டர் முணுமுணுத்து, அதையும் எழுதிக்கொண்டார்.

மணிக்கட்டை நீட்டச் சொன்னார்கள். நீட்டினார். முறிந்த சுவடே தெரியாமல் சேர்ந்திருக்கிறது என்று பாராட்டினார்கள். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்கள். எலும்பு தன்னை ஆண் என்றோ பெண் என்றோ சொல்லிக்கொள்ளவில்லை.

மூவரும் மல்லிகைச் சரத்துக்கு அடியில் தலையைச் சேர்த்துக்கொண்டார்கள்.

“பொம்பளைக்கு வந்தா இயற்கைன்னு சொல்லிறலாம்” என்றார் கர்னல். “ஆம்பளைக்குல்ல வந்திருக்கு? சர்வீஸத் தவிர வேற என்ன காரணம் இருக்க முடியும்?”

வேறு காரணம் யாருக்கும் தோன்றவில்லை.

முத்திரை விழுந்தது. பணியால் ஏற்பட்ட பாதிப்பு. நிரந்தரம்.

கர்னல் எழுந்து நின்று சல்யூட் வைத்தார். மீரான் நெஞ்சில் கைவைத்து ஸலாம் சொன்னார்.

“கீழ உக்காந்திருக்கிறது உங்க மிஸஸா? அவங்களுக்கும் இந்த வயசுல இதெல்லாம் வரும். பயந்துக்க வேணாம்னு சொல்லுங்க. அது சாதாரணம்.”

“சொல்லிர்றேன் சார்.”

இறங்கி வந்து மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்தார். நர்கீஸின் முகம் வேர்த்துக் கொட்டியது. முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தார்.

“சல்யூட்டெல்லாம் வைக்கிறாக” என்றார் நர்கீஸ்.

பக்கத்து நாற்காலியில் இருந்த சொர்ணலட்சுமி எட்டிப் பார்த்தார். அவரும் ஓய்வு பெற்ற கேப்டன். அடுத்த மனு அவருடையது.

“மேடம், நீங்க போட்ட திட்டம் அப்படியே பலிச்சிருச்சே! அண்ணே, எனக்கு என் தம்பியத்தான் அனுப்பப் போறேன். இம்புட்டுச் சொல்லிக் குடுத்தும் வயச மாத்தி மாத்திச் சொல்றான்.”

தம்பி மதன்குமார் கண்ணை மூடிக்கொண்டு, “எனக்கு நாப்பதுல நின்னுச்சு... இல்ல, முப்பத்தொம்பது” என்று உருப்போட்டுக்கொண்டிருந்தான்.

“வயசு கெடக்கட்டும் அப்பு” என்றார் மீரான். “அக்கா கூட ஒரே வீட்டுலதான இருக்க? பாத்ததச் சொல்லு, போதும்.”

நர்கீஸ் விசிறுவதை நிறுத்தினார்.

“என்னங்க, நேத்து ஒத்திகையில அழுகையப் பத்தி நான் ஒண்ணும் சொல்லித் தரலையே.”

“தரல.”

“யாருக்கும் சொன்னதே இல்ல. பாத்ரூம் கதவச் சாத்திக்கிட்டு, கொழாயத் தொறந்துவிட்டுட்டுத்தான...”

“ஆமா” என்றார் மீரான். “நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்னுக்கிட்டிருப்பேன்.”