பூண்டு படாத மெஷின்

மல்சூனுக்கு வலது தோள் கழன்று விழுந்துவிடும்போல வலித்தது. விடியலிலிருந்து கொரியாவின் புசான் துறைமுகத்தில் மீன்பெட்டி இழுத்த தோள். இந்தக் கையை வைத்துக்கொண்டு பன்றிக்கறியைக் கொத்தி வடை தட்டுவது நடக்காத காரியம். வேலை முடிந்ததும் நேராகப் பாத்திரக்கடைக்குப் போனாள்.

"சின்னதா ஒரு சாப்பர் குடுங்க. புதுசா இருக்கணும். பூண்டு பட்டிருக்கக் கூடாது."

கடைக்காரர் சிரித்தார். "நம்ம ஊர்ல பூண்டு அரைக்கத்தான் இதையே வாங்குறாங்க! யாருக்கு சமையல், புத்தபிக்குவுக்கா?"

"வீட்டுக்காரருக்கு. இன்னைக்கு மொத வருஷப் படையல்."

அவர் சிரிப்பை விழுங்கிக்கொண்டு இரண்டு சாப்பர்களை எடுத்து வைத்தார். ஒன்று கயிற்றை இழுத்தால் சுற்றுவது, மற்றது பொத்தானை அமுக்குவது. கயிறு மலிவுதான், ஆனால் அதை இழுக்கவும் தோள் வேண்டும்.

"பொத்தான் வெச்சதே குடுங்க. என்ன போட்டோம்னே தெரியாத அளவுக்கு அரைக்குமா?"

"கொஞ்சம் கொஞ்சமா போட்டு, விட்டு விட்டு அமுக்குங்கக்கா. பொடிப்பொடியா ஆயிடும். ஒரேயடியா அமுக்கினீங்கன்னா கூழுதான்."

வீட்டில் நாத்தனார் கும்ஜா முன்பே வந்து உட்கார்ந்திருந்தாள். மல்சூன் கொண்டுவந்த சாப்பர் பெட்டியைப் பிரித்து, கிண்ணத்துக்குள் மூக்கை விட்டு முகர்ந்து பார்த்தாள்.

"பழைய பலகையிலயே கொத்திடுவீங்களோன்னு பயந்துக்கிட்டே வந்தேன் அண்ணி. பூண்டு பட்டா செத்தவங்க வாசப்படி தாண்ட மாட்டாங்க, தெரியும்ல?"

"தெரியும்."

"அண்ணன் இன்னைக்கு வந்தே ஆகணும். ருசிகூடப் பாத்துடாதீங்க. அவரு சாப்பிட்டப்புறந்தான் நமக்கு."

"எத்தன தடவ சொல்லுவ? போயி பித்தளைத் தட்டைத் தொடை."

மல்சூன் அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டாள். கறியையும் பிழிந்த தோஃபுவையும் காரட்டையும் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு அமுக்கினாள். மெஷின் குரைத்துக் குரைத்து நின்றது.

ஒரு வருஷமாக அவளுக்கு ராத்திரியில் தூக்கம் வருகிறது. வேறு எதுவும் வருவதில்லை. அழுகையும் இல்லை, சந்தோஷமும் இல்லை. வடைகளை எண்ணெயில் போட்டுத் திருப்பிக்கொண்டே இருந்தாள்.

இருட்டியதும் கும்ஜா வாசல் கதவை அகலத் திறந்துவைத்தாள். வீடெல்லாம் ஊதுபத்திப் புகை. ஆண்பிள்ளை இல்லாத வீடு; பெண்கள் இரண்டு பேருமே சோற்றில் கரண்டியைக் குத்தி நிறுத்தி, படத்துக்கு முன்னால் விழுந்து கும்பிட்டார்கள்.

"வாங்கண்ணே. உள்ள வந்து சாப்பிடுங்க," என்றாள் கும்ஜா. அவள் கண் வாசலை விட்டு நகரவில்லை.

ஊதுபத்தி எரிந்து முடிந்தது. படைத்ததை இறக்கிப் பங்கிட்டார்கள். கும்ஜா ஒரு வடையை எடுத்துக் கடித்தாள். மென்ற வாய் பாதியில் நின்றது.

"அண்ணி... இதுல பூண்டு."

"ஆமா. ஒரு கைப்பிடி." மல்சூன் முகத்தில் ஒன்றுமில்லை. "கல்யாணமான நாள்லேர்ந்து அடி வாங்கினேன் கும்ஜா. இப்பத்தான் தூங்குறேன். அந்த மனுஷன் வரவேணாம்."

கும்ஜா கத்தவில்லை. வாயிலிருந்ததை மென்று விழுங்கினாள். எழுந்துபோய் வாசல் கதவைச் சாத்திவிட்டு, அங்கேயே நின்றாள்.

"கெடுத்துட்டீங்களே அண்ணி. நான் என்ன, சோறு போடவா கூப்பிட்டேன்? சின்ன வயசுல என்னைப் போட்டு அடிச்சதுக்கு அவன் ஒரு மன்னிப்பு பாக்கி வெச்சிருக்கான்."