பெல் மூடி

அவளுடைய சைக்கிளில் யாருடைய பூட்டோ தொங்கியது.

காலையில் ஸ்டாப் மரத்தடியில் நிறுத்தி, பின்சக்கரத்தைப் பூட்டிவிட்டுத்தான் காலேஜ் பஸ் ஏறினாள். அது பூட்டியபடியே இருந்தது. முன்சக்கரத்தில் இருக்கும் இந்தச் சங்கிலிதான் புதிது.

யாராவது வம்பு செய்கிறார்களா?

ஸ்டாப்பில் ஒருவரும் இல்லை. போன மாதம் பெல் மூடி திருட்டுப் போனபோதே அப்பா சொல்லிவிட்டார், இன்னொரு சாமான் தொலைந்தால் சைக்கிள் தம்பிக்கு என்று. அவள் ஊருக்குள் பஸ் வராது. சைக்கிள் போனால் காலேஜும் போன மாதிரிதான்.

குனிந்து பார்த்தாள்.

பெயிண்ட் உரசாமலிருக்கப் பழைய ட்யூபை வெட்டிச் சங்கிலிக்கு உறை போட்டிருந்தது. ரொம்பக் கவனமான ஆள்தான்.

அப்புறம்தான் பக்கத்துச் சைக்கிள் கண்ணில் பட்டது. பள்ளியில் அரசாங்கம் கொடுத்த அதே நீலச் சைக்கிள். பூட்டே இல்லாமல் நின்றது.

சிரிப்பு வந்துவிட்டது. தன்னுடையது என்று நினைத்து இவள் சைக்கிளைப் பூட்டிவிட்டுப் போயிருக்கிறாள் யாரோ ஒருத்தி.

பெல் மூடி இருந்தால் அடையாளம் தெரிந்திருக்கும். ஆனால் இந்த மரத்தடியில் மூடியை யாரும் விட்டுப் போவதில்லை. திருட்டுக்குப் பயந்து கழற்றிப் பையில் போட்டுக்கொண்டுதான் பஸ் ஏறுவார்கள். இவள் ஒரே ஒரு நாள் மறந்தாள். அன்றைக்கே போயிற்று.

பூட்டியவள் எப்படி இருப்பாள்? பார்க்க ஆசையாக இருந்தது.

அடுத்த பஸ்ஸில் ஒல்லியாக ஒருத்தி இறங்கினாள். சாவியும் கையுமாக வந்தவள், சங்கிலியைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"ஐயோ, வண்டி மாறிப்போச்சுக்கா."

அவளை இவளுக்குப் பிடித்துப்போயிற்று. பரவாயில்லை என்று தலையாட்டினாள்.

சங்கிலியைக் கழற்றிய கையோடு, வந்தவள் பையிலிருந்து பெல் மூடியை எடுத்துத் தன் சைக்கிளில் திருகினாள்.

மூடியின் விளிம்பில் சிவப்பாக ஒரு பொட்டு. நெயில் பாலிஷ்.

போன வருஷம் இவள் வைத்த பொட்டு.

"பொட்டு நல்லாருக்கு."

திருகிய கை நின்றது.

வந்தவள் நிமிரவில்லை. மூடியை மெதுவாகக் கழற்றினாள். இந்தப் பக்கம் வந்து இவள் சைக்கிளில் மாட்டி, ஆடாதபடி இறுக்கினாள்.

"வண்டி மாறிப்போச்சுக்கா."

குரல் உள்ளே போயிருந்தது.

கோபம் வரத்தான் செய்தது. ஆனால் ஒன்றைத் தெரிந்துகொள்ளாமல் போக மனம் வரவில்லை.

"உன்னோடது எப்பப் போச்சு?"

"உங்களோடது போனதுக்கு முந்தின நாள்."

இரண்டு பேரும் திரும்பி மரத்தடியைப் பார்த்தார்கள். நீல நிறத்தில் இன்னும் எத்தனையோ சைக்கிள்கள்.

ஒன்றிலும் மூடி இல்லை.