காலை ஏழு மணி கிராஸ் டாக்

"காப்பியிலேயே கலந்துடலாம். வேற வழியில்லை."

சுவாமிநாதன் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டான். ஓர் ஆண்குரல், ஒரு பெண்குரல். காலை ஏழு மணிக்கு, வெளிச்சத்தில், கூச்சமே இல்லாமல் அவனைக் கொல்லத் திட்டம்.

1994-இல் மயிலாப்பூரில், ஊரார் பேச்சு குறுக்கே வந்து விழும் கிராஸ் டாக் இல்லாத போனும் கிடையாது, கொசு இல்லாத வீடும் கிடையாது. கச்சேரி ரோட்டு மாமி போனில் சொல்லும் வத்தக்குழம்பை மந்தைவெளியில் யாரோ கேட்டு, கொதிக்கவைத்து, இறக்கியே வைத்துவிடுவார்கள். ஆனால் கொலைக்குப் பக்குவம் சொல்லும் கிராஸ் டாக், முப்பது வயது சுவாமிநாதனுக்கு மட்டும்தான் வாய்த்தது.

பத்து நாளாக அவன் காப்பியைத் தொடவில்லை. மயிலாப்பூர்க்காரன் காப்பியை விட்டான் என்றால் கோயில் கோபுரம் ஒரு சாண் இறங்கிவிட்டது என்று அர்த்தம். தூக்கம் போயிற்று, ஆபீஸ் போயிற்று, ஜன்னல் கண்ணாடிகளில் எல்லாம் செய்தித்தாள் ஏறிவிட்டது.

"நான் எடுத்தா ஒண்ணுமே கேக்கலையேன்னா," என்றாள் மனைவி ஸ்ரீரஞ்சனி. அழுது அழுது மூக்கு சிவந்திருந்தது. "ஒரு தடவை டாக்டர்கிட்ட போயிட்டு வந்துடலாமே."

"லைன்ல கோளாறு. அதுக்கு டாக்டர் என்ன பண்ணுவார்?"

சொல்லிவிட்டு அவளையே உற்றுப் பார்த்தான். போனில் பேசும் பெண்குரல் இவளுடையதுதானோ? அந்த நினைப்பில் அவனுக்கு முதுகு வியர்த்தது. அவன் பார்த்த பார்வையில் அவளுக்கும் வியர்த்தது.

அவன் நேரில் போய் எழுதிக் கொடுத்திருந்த புகாருக்கு, உலகின் எட்டாவது அதிசயமாக, இரண்டே நாளில் லைன்மேன் வந்து நின்றார். நொச்சிக்குப்பம் தனபாலன்.

"மொதல்ல கொஞ்சம் தண்ணி குடும்மா," என்று வாங்கி, சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரையைப் பிரித்துப் போட்டுக்கொண்டார். பிறகு தெருக் கம்பத்தில் ஏறினார். இறங்கி வந்தார்.

"அன்னிக்கு அட்ச்ச மழையில ஒயரே அறுந்து தொங்குது சார். பத்து நாளா போன் செத்துக் கெடக்கு. ஒரு சத்தம் உள்ள வர முடியாது."

சுவாமிநாதன் ரிசீவரை எடுத்து அவரிடம் நீட்டினான். "காலம்பறகூட ரெண்டு பேரும் பேசினாளே. காப்பியில கலந்துடலாம்னு..."

தனபாலன் சிரிக்கவில்லை. அவன் கையிலிருந்த ரிசீவரை மெதுவாக வாங்கி வைத்தார். மேஜையில் ஆடை கட்டிக் கிடந்த அவனுடைய காப்பியை எடுத்துப் பாதி குடித்தார்.

"நல்லாத்தான் கீது," என்று மீதியை அவன் பக்கம் நகர்த்தினார். "சனிக்கெழம அடையாறுல எங்க டாக்டரம்மாவப் பாக்கப் போறேன். நீயும் வா சார். வூட்டுக்காரம்மாவும் வரட்டும்."

"கிராஸ் டாக்குக்கு டாக்டரா?"

தனபாலன் ஒருமுறை வாசலைப் பார்த்துவிட்டு, அவன் காதருகே குனிந்தார்.

"எனக்கும் ஆறு வருசம் முன்ன கேட்டுச்சு சார். எங்க வூட்ல போனே கெடையாது."