கமினோசவாவில் நின்ற ரயில்

பெஞ்சு மெத்தையில் உட்காரப் போன யசுயோ தேள் கொட்டியது போலத் துள்ளி எழுந்தாள்.

நீலத் துணியில் சிவப்பு மீன்கள். மத்தாப்புப் பொறி பட்ட ஓட்டையை மூடி ஒரு மஞ்சள் ஒட்டு. மகள் சிஹோவுக்கு எட்டு வயதில் தைத்துக் கொடுத்த திருவிழா உடையின் துணி. தன் கையால் போட்ட கோணல் தையல் அவளுக்குத் தெரியாதா?

முன்னால் போன ரயிலில் மான் அடிபட்டுவிட்டதாம். அதனால்தான் இவள் ரயில் இங்கே நிற்கிறது. தினமும் வேலை முடிந்து இந்த ஊரைத் தாண்டித்தான் வீட்டுக்குப் போகிறாள். இறங்கியது இன்றைக்குத்தான். ரயில்வே ஊழியர் யாரும் இல்லாத ஸ்டேஷன், மெத்தைகளைக்கூட ஊர்க்காரர்களே தைத்துப் போடுகிறார்கள்.

மெத்தைகளுக்கு உறை மாற்றிக்கொண்டிருந்த பெண் சிரித்தாள்.

“என்னக்கா, ஊசி கீசி குத்திடுச்சா? அந்தப் பொண்ணு தைக்கிற லட்சணம் அப்படி. அவங்கம்மா சொல்லிக் குடுத்ததாம்!”

“எந்தப் பொண்ணு?” என்றாள் யசுயோ.

“சிஹோன்னு ஒருத்தி. சாயங்காலமானா இங்க வந்து உக்காந்துக்குவா. எங்கேயும் போறதுக்கில்ல. இந்த ரயில்ல ரெண்டாவது பெட்டி, கதவோரமா அவங்கம்மா தூங்கிட்டு வருவாங்களாம். பின்தலையைப் பாத்துட்டு எந்திரிச்சுப் போயிடுவா. ‘போய்க் கூப்பிடேன்டி’ன்னா, ‘என் முகத்துல முழிக்காதேன்னு சொல்லியிருக்காங்க’ங்கறா. கிறுக்கு! இப்ப வந்துருவா பாருங்க.”

யசுயோ பெஞ்சைப் பிடித்துக்கொண்டாள்.

லாரி ஓட்டுகிறவனைத்தான் கட்டிக்கொள்வேன் என்று மகள் நின்ற அன்று, வாசலில் அப்படிக் கத்தியது யசுயோதான். கோபத்தில் வந்த வார்த்தை. மறுநாளே திரும்பி வருவாள் என்று நினைத்தாள். டோக்கியோவுக்குத்தான் போயிருப்பாள் என்று நாலு வருஷமாக அங்கே யசுயோ தேடாத இடமில்லை. பெண்ணோ இங்கே, வழியிலேயே, ஜன்னலுக்கு வெளியே உட்கார்ந்திருந்திருக்கிறாள்.

“கிளம்பறோம், ஏறிக்குங்க!” ரயில் ஓட்டுநர் குரல் கொடுத்தார்.

தெருக்கோடியில் யாரோ வேகமாக வருவது தெரிந்தது.

ஓடிப்போய்க் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. ஆனால் முகத்தைக் கண்டதும் அவள் மிரண்டு ஓடிவிட்டால்? நாளையிலிருந்து வராமலே போய்விட்டால்?

யசுயோ ரயிலில் ஏறினாள். இரண்டாவது பெட்டி, கதவோரம், நடைமேடைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். கண்களை மட்டும் மூடவில்லை.

வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. எதிர் ஜன்னல் கண்ணாடியில், அவளுக்குப் பின்னாலிருந்த நடைமேடை விளக்கும் பெஞ்சும் பிரதிபலித்தன. பெஞ்சில் சிஹோ. ரொம்ப இளைத்திருந்தாள்.

மடியில் ஒரு குழந்தை.

அதன் கையைப் பிடித்து, யசுயோவின் பின்தலைக்கு டாட்டா காட்டிக்கொண்டிருந்தாள்.