வெண்ணிலா வராத முதல் பகுதி

பழைய தொடரில் சூப்பர் ஹீரோக்கள் ஐந்து பேர். அதையே புதிதாக எடுத்தபோது முதல் பகுதியில் நான்கு பேர்தான் வந்தார்கள்.

"வெண்ணிலாவைக் காணோமேப்பா. அம்மாவுக்கு அவளைத்தானே பிடிக்கும்?" ஜெசிந்தாவின் முகம் வாடிவிட்டது.

அப்பா அருளப்பனுக்குக் காரணம் தெரியும். இப்போதெல்லாம் யார் வீட்டில் எது அழவைக்குமோ, அதை அந்த வீட்டுத் தொலைக்காட்சி காட்டாது. அவர் மனைவியை அடக்கம் செய்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது.

பிள்ளையின் குரல் கேட்டுப் பக்கத்து வீட்டு ரெஜினா வந்தாள். "எங்க வீட்டுல வெண்ணிலா வர்றாண்ணே. ஜெசியைக் கூட்டிட்டு வாங்க."

அவர்கள் உள்ளே நுழைந்ததும் அந்தத் தொலைக்காட்சியும் அவர்களை அடையாளம் கண்டுகொண்டது. திரையில் சிரித்துக்கொண்டிருந்த வெண்ணிலா மறைந்துபோனாள்.

ரெஜினா அதை அணைத்தாள். ஜெசிந்தாவை அருகில் இழுத்துக்கொண்டு, "வெண்ணிலா எப்படி வந்தா தெரியுமா?" என்று சொல்லத் தொடங்கினாள்.

ஜெசிந்தா அழுதாள். ரெஜினா கண்ணைத் துடைத்துவிட்டாள், கதையை நிறுத்தவில்லை.