மலைப்பாதையில் மூன்று நாய்கள்

இத்தாலியின் குப்பியோ நகரின் பழைய மதிலைத் தாண்டி மலையேறும் மண்பாதையில், உடற்பயிற்சிக்காக ஓடிவந்த அக்காவும் தங்கையும் அசையாமல் நிற்கிறார்கள். எதிரே வெள்ளை வெளேரென்று மூன்று காவல் நாய்கள். அவை பல்லைக் காட்டி உறுமுகின்றன. மேலே சரிவில் ஆட்டு மந்தை தெரிகிறது, மேய்ப்பவனைக் காணோம். காலை வெயிலில் இருவர் கழுத்திலும் வியர்வை மின்னுகிறது. தங்கை ஜினேவ்ராவின் குதிகால் மெல்லப் பின்னால் நகர்கிறது.

“ஓடினா செத்தோம். அப்படியே நில்லுடி,” என்கிறாள் ஒர்னெல்லா, உதடு அசையாமல்.

“பக்கத்துல வருது அக்கா...”

பின்னாலிருந்து மெலிதாக ஒரு கத்தல். ஒர்னெல்லா கழுத்தை மட்டும் திருப்புகிறாள். மஞ்சள் பூத்த புதரோரம் ஓர் ஆட்டுக்குட்டி நடுங்கிக்கொண்டு நிற்கிறது.

“நம்ம மேல கோவம் இல்லடி. குட்டிக்கு வழிய மறிச்சுக்கிட்டு நிக்கிறோம். மெதுவா ஓரமா வா.”

இருவரும் ஓரடி ஓரடியாக விலகுகிறார்கள். குட்டி ஜினேவ்ராவின் முழங்காலை உரசிக்கொண்டு பாய்கிறது. நாய்கள் அதை முகர்ந்து, நக்கி, நடுவில் விட்டுக்கொண்டு மந்தையை நோக்கித் திரும்புகின்றன.

ஜினேவ்ரா இப்போதுதான் மூச்சு விடுகிறாள். “வா அக்கா, ஓடலாம்.”

ஒர்னெல்லா பாதையிலேயே உட்கார்ந்துவிடுகிறாள்.

“நீ ஓடு. எனக்குக் காலே வரல.”